அன்று கருவியின் கோளாறு என்றார்கள்... இன்று இதைக் கழிக்காமல் கணக்கே இல்லை! யார் இந்த ஆர்தர் காம்ப்டன்?

உருக்கிய உலோகக் கலவைக்குள்ள அணுக்கள் எப்படி அமைஞ்சிருக்கு? இதைத் தெரிஞ்சுக்க, எக்ஸ்ரேவைப் பாய்ச்சி, சிதறி வரும் கதிர்களை அளக்கிறார்கள் விஞ்ஞானிகள். ஆனா, கருவியில் பதிவாகும் எல்லாமே அணுக்களின் அமைப்பைச் சொல்லாது. ஒரு பகுதியைக் கழித்தே ஆகணும். அதுதான் காம்ப்டன் சிதறல்.

யார் இவர்?

அமெரிக்காவின் ஒஹையோ மாகாணத்தில், வூஸ்டர் நகரில் 1892 செப்டம்பர் 10-ல் பிறந்தவர் ஆர்தர் காம்ப்டன். 1916-ல் பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம். 1920-ல் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்.

என்ன கண்டுபிடித்தார்?

கிராஃபைட் மீது எக்ஸ்ரேவைப் பாய்ச்சினார். 90 டிகிரியில் சிதறி வந்த கதிர்களில் ஒரு பகுதியின் அலைநீளம் சுமார் 0.024 ஆங்ஸ்ட்ராம் கூடியிருந்தது. கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் காயை மோதி வேகம் இழக்குமே, அதேபோல எக்ஸ்ரே துகள் எலக்ட்ரானை மோதி ஆற்றலை இழக்கிறது என்று விளக்கினார். 1923-ல் கட்டுரை வெளியானது.

ஏன் எதிர்ப்பு?

எக்ஸ்ரே என்றால் அலைதான் என்று பலரும் நம்பிய காலம் அது. ஹார்வர்டு பேராசிரியர் வில்லியம் டுவேன் ஆய்வில் இந்த மாற்றம் தெரியவில்லை. காம்ப்டனின் கருவியைச் சுற்றியிருந்த பெட்டியே காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகம் கிளம்பியது. 1924-ல் டொரன்டோவில் நடந்த விவாதத்தில் சர் சி.வி.ராமனும் காம்ப்டனை ஏற்கவில்லை. காம்ப்டன் அசரவில்லை. அந்த ஆண்டு இறுதியில் டுவேனின் சொந்தக் கருவியிலேயே மாற்றம் தெரிய, அவர் எதிர்ப்பைக் கைவிட்டார். 1927-ல் காம்ப்டனுக்கு, சி.டி.ஆர்.வில்சனுடன் சேர்த்து நோபல் பரிசு.

இன்று ஏன் கழிக்கிறார்கள்?

திரவ உலோகத்தில் படிகம் போல ஒழுங்கான அடுக்கு கிடையாது. அதனால் அளவீட்டில் கூர்மையான முகடுகள் வராது, மெல்லிய ஏற்ற இறக்கம்தான். கோணம் கூடக்கூட அதுவும் மங்கிவிடும். காம்ப்டன் சிதறலின் பங்கோ கூடும். அலுமினியம் போன்ற லேசான உலோகங்களில் இது இன்னும் அதிகம். கலவையில் எந்த உலோகம் எத்தனை பங்கு என்று பார்த்து, அதற்கேற்ப கணக்கிட்டுக் கழிக்கணும். உறிஞ்சப்பட்ட கதிர்களுக்கும் தனித் திருத்தம் உண்டு. இதில் தவறினால் அணுக்களின் இடைவெளி, அண்டை அணுக்களின் எண்ணிக்கை எல்லாமே பிசகும்.

1962 மார்ச் 15-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் காம்ப்டன் காலமானார். அந்த மாற்றம் கருவிக் கோளாறாக இருந்திருந்தால் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறியிருக்கும். இயற்கை விதி என்று அவர் நிரூபித்ததால்தான், இன்று அதை முன்கூட்டியே கணக்கிட முடிகிறது.