நீச்சல் வீராங்கனை ஃபேனி டூராக்

தொடர் நீச்சல் நால்வர் கூடி நீந்தும் போட்டி. முதலாமவர் சுவரைத் தொட்ட பின்னரே இரண்டாமவர் நீரில் பாயலாம். நான்காமவர் தொடும் நேரமே நால்வரின் நேரமாகக் கொள்ளப்படும். கலப்புத் தொடர் நீச்சலிலோ மல்லாந்து நீச்சல், மார்பு நீச்சல், வண்ணத்துப்பூச்சி நீச்சல், தன்விருப்ப நீச்சல் என ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையில் நீந்துவர். மகளிர்க்கான கலப்புத் தொடர் நீச்சல் 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாக இடம்பெற்றது. அதற்கு 48 ஆண்டுகளுக்கு முன்னர், நால்வர் நீந்த வேண்டிய தொடர் நீச்சலில் இருவராகவே நீந்த இசைவு வேண்டினர் ஆஸ்திரேலியப் பெண்கள் இருவர். அவர்களுள் ஒருவர் ஃபேனி டூராக்.

சாரா பிரான்சஸ் டூராக் என்பது அவரது முழுப்பெயர். 1889 அக்டோபர் 27 அன்று சிட்னி நகரில், அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய பெற்றோருக்கு ஆறாவது குழந்தையாகப் பிறந்தார். கூஜி கடற்கரையிலிருந்த கடல்நீர்க் குளத்தில் நீந்தக் கற்றார். முதலில் அவர் பயின்றது மார்பு நீச்சல். அக்காலத்தில் பள்ளிச் சிறுமியருக்கு அந்த ஒரு முறையில் மட்டுமே வாகையர் போட்டி நடத்தப்பட்டது என்பதே அதற்குக் காரணம். 1906இல் தம் முதல் மாநிலப் பட்டத்தை வென்றார்.

அதே கூஜியில் வளர்ந்தவர் மினா வைலி. மினாவின் தந்தை 1907இல் அங்கே ஒரு நீச்சல் குளத்தையே கட்டினார். ஃபேனியைவிட ஏறத்தாழ இரண்டு வயது இளையவரான மினா, 1910-11ஆம் ஆண்டுப் பருவத்தில் அவரைத் தோற்கடித்தார். தோற்றவர் சோர்ந்துவிடவில்லை, நீந்தும் முறையையே மாற்றிக்கொண்டார். கைகளை மாறி மாறித் தலைக்கு மேல் வீசி, கால்களை இடைவிடாது உதைத்து முன்னேறும் ஆஸ்திரேலியக் கிரால் முறை அப்போது புதிது. அதில் தேர்ந்த ஃபேனியை வெல்வது அரிதாயிற்று. நீரில் போட்டியாளராக இருந்த இருவரும் கரையில் தோழியராயினர்.

1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் மகளிர்க்கும் நீச்சல் போட்டி உண்டு என்ற செய்தி வந்தது. ஒலிம்பிக் வரலாற்றில் அதுவே முதல்முறை. ஆயினும் அவ்விருவரும் செல்ல இயலாத நிலை. அவர்கள் சார்ந்திருந்த நியூ சவுத் வேல்ஸ் மகளிர் நீச்சல் சங்கத்தின் விதி, ஆடவர் பார்வையாளராக இருக்கும் போட்டிகளில் பெண்கள் நீந்துவதைத் தடைசெய்தது. சங்கத்தின் தலைவர் ரோஸ் ஸ்காட், பெண்களுக்கு வாக்குரிமை வேண்டிப் பல்லாண்டு போராடியவர். வாக்குச்சாவடியின் கதவைப் பெண்களுக்குத் திறக்கப் பாடுபட்டவரே நீச்சல் குளத்தின் கதவை மூடி வைக்க விரும்பியது விந்தைதான். எனினும், நீச்சலுடையில் இருக்கும் பெண்களை ஆடவர் வேடிக்கை பார்ப்பதிலிருந்து காப்பதே அவர் நோக்கம் என்பதையும் மறுத்தல் ஆகாது. பொதுமக்களிடையே எதிர்ப்பு வலுத்தது. விதி தளர்த்தப்பட்டது, ரோஸ் ஸ்காட் பதவி விலகினார்.

அடுத்து எழுந்தது பணத்தடை. செல்லலாம், ஆனால் செலவு அவரவர் பொறுப்பு என்றாயிற்று. விளையாட்டு, நாடகத் துறைகளில் பெயர்பெற்றிருந்த ஹியூ மெக்கின்டாஷின் மனைவி முன்னின்று நன்கொடை திரட்டினார். ஃபேனிக்குத் துணையாக அவருடைய தமக்கையும், மினாவுக்குத் துணையாக அவருடைய தந்தையும் உடன் சென்றனர். கப்பற்பயணம் வாரக்கணக்கில் நீண்டது.

ஸ்டாக்ஹோமில் மகளிர்க்கெனத் தனிநபர் நீச்சல் போட்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது: 100 மீட்டர் தன்விருப்ப நீச்சல். கடற்கழி ஒன்றில் அமைக்கப்பட்ட நீர்த்தடத்தில் அது நடந்தது. தகுதிச் சுற்றில் 1 நிமிடம் 19.8 நொடிகளில் நீந்தி ஃபேனி உலகச் சாதனை படைத்தார். ஜூலை 12 அன்று நடந்த இறுதிச் சுற்றில் 1 நிமிடம் 22.2 நொடிகளில் முதலாவதாக வந்து தங்கம் வென்றார். ஒலிம்பிக் நீச்சலில் தங்கம் வென்ற முதல் பெண் அவரே. வெள்ளி மினாவுக்குக் கிடைத்தது.

எஞ்சியிருந்தது தொடர் நீச்சல். அதற்கு நால்வர் வேண்டும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்த நீச்சல் வீராங்கனையர் இருவரே. ஒவ்வொருவரும் இருமுறை நீந்தி நால்வரின் தொலைவையும் கடக்கிறோம் என அவர்கள் முன்வந்தனர். அவ்வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. விதியின்படி அது சரியான முடிவே. ஆனால் அந்நாட்டில் நீந்தத் தெரிந்த பெண்களுக்குப் பஞ்சமில்லை. இருவரை அனுப்பவே அத்தனை தயக்கம் இருந்தது. நான்கு நாடுகள் மட்டுமே கலந்துகொண்ட அப்போட்டியில் பிரிட்டன் வென்றது. அதே ஒலிம்பிக்கில் ஆடவர் தொடர் நீச்சலில் தங்கம் பெற்றது ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இணைந்த அணி.

1912க்கும் 1918க்கும் இடையில் ஃபேனி பன்னிரண்டு உலகச் சாதனைகளை முறியடித்தார். 1915இல் 100 மீட்டரை 1 நிமிடம் 16.2 நொடிகளில் கடந்தார். அவர் ஆற்றலின் உச்சத்தில் இருந்த காலம் அது. முதல் உலகப்போரோ 1916ஆம் ஆண்டு ஒலிம்பிக்கையே இல்லாமல் ஆக்கிவிட்டது. 1920இல் ஆன்ட்வெர்ப் நகரில் மீண்டும் ஒலிம்பிக் கூடியபோது, ஆஸ்திரேலிய அணி புறப்படவிருந்த வேளையில் அவருக்குக் குடல்வால் அறுவை நேர்ந்தது. தொடர்ந்து டைபாய்டு, பின்னர் நிமோனியா. அவர் செல்லவில்லை. ஐந்தாண்டுகளாக நிலைத்திருந்த அவரது 100 மீட்டர் சாதனை, அவர் கலந்துகொள்ள இயலாத அந்த ஒலிம்பிக்கில்தான் வீழ்ந்தது. வீழ்த்தியவர் அமெரிக்காவின் எதெல்டா பிளீப்ட்ரே.

1921 ஜனவரியில் குதிரைப் பயிற்றுநர் பெர்னார்டு கேட்லியை மணந்து, போட்டிகளிலிருந்து ஃபேனி ஓய்வுபெற்றார். அதன்பின் சிறுவர் சிறுமியருக்கு நீச்சல் கற்பித்தார். முன்னர் அவர் வழியை மறித்த மாநில மகளிர் நீச்சல் சங்கம், 1945இல் அவரை வாழ்நாள் உறுப்பினராக்கியது.

1956 மார்ச் 20 அன்று, தம் 66ஆம் வயதில், புற்றுநோயால் சிட்னியில் காலமானார். அவ்வாண்டின் இறுதியில் மெல்போர்ன் நகரில் ஒலிம்பிக் நடைபெற்றது. டிசம்பர் 6 அன்று மகளிர் தொடர் நீச்சலில் டான் ஃப்ரேசர், ஃபெய்த் லீச், சாண்ட்ரா மார்கன், லொரெய்ன் க்ராப் ஆகிய நால்வரும் உலகச் சாதனையுடன் தங்கம் வென்றனர். நால்வரும் ஆஸ்திரேலியப் பெண்கள்.