கல்கி நம்ம ஜில்லாவில் இருந்தார்!



கல்கி என்றாலே எனக்கு ராஜா, ராணி, குதிரை, சுரங்கப்பாதைதான் ஞாபகம் வரும். அவர் வாழ்க்கையைப் படித்த பிறகு வேறொரு கல்கியும் தெரிந்தார்.

இயற்பெயர் ரா. கிருஷ்ணமூர்த்தி. 1899 செப்டம்பர் 9ஆம் தேதி மாயவரம் பக்கம் புத்தமங்கலத்தில் பிறந்தார். திருச்சியில் படித்தபோது காந்தியின் ஒத்துழையாமை இயக்கம் வந்தது. இறுதிப் பரீட்சைக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. படிப்பை விட்டுப் போராட்டத்தில் சேர்ந்தார். 1922இல் ஒரு வருஷம் ஜெயில். (பத்தாம் வகுப்பு அண்ணன்களே, நீங்க பரீட்சை எழுதிடுங்க!)

பிறகு திரு.வி.க.வின் நவசக்தி பத்திரிகையில் வேலை பார்த்தார். அடுத்து எங்கே வந்தார் தெரியுமா? நம்ம ஏற்காடு மலையை இறங்கி, சேலம் தாண்டிப் போனால் திருச்செங்கோடு. அப்போது அதுவும் சேலம் ஜில்லாதான். அங்கே ராஜாஜியின் காந்தி ஆசிரமத்தில் தங்கி, விமோசனம் என்ற மதுவிலக்குப் பத்திரிகையில் ராஜாஜிக்கு உதவியாக இருந்தார். குடியால் குடும்பங்கள் அழிவதைக் கதைகளாக எழுதினார். 1937இல் ராஜாஜி முதலமைச்சர் ஆனதும் மதுவிலக்கு முதன்முதலில் வந்தது நம்ம ஜில்லாவில்தான்.

எங்க பாட்டி காபி எஸ்டேட்டில் பழம் பறிச்சவங்க. ராத்திரி இதையெல்லாம் அவங்களிடம் சொன்னேன். கூலி வாங்குற நாளில் தாத்தா வெறும் பையோடதான் வீட்டுக்கு வருவார்னு சொல்லிட்டு, ரொம்ப நேரம் அடுப்பையே பாத்துட்டு இருந்தாங்க.

ஆனந்த விகடனில் ஆசிரியராக இருந்து புகழ் பெற்ற கல்கி, 1941இல் நண்பர் சதாசிவத்தோடு கல்கி பத்திரிகையைத் தொடங்கினார். பார்த்திபன் கனவு, சிவகாமியின் சபதம், பொன்னியின் செல்வன் எல்லாம் அதில் வந்த தொடர்கள்தான். 1954 டிசம்பர் 5ஆம் தேதி, 55 வயதில் காலமானார். அலை ஓசை நாவலுக்கு சாகித்திய அகாடமி பரிசு கிடைத்தபோது அவர் இல்லை.

எனக்குப் பிடித்தது சோலைமலை இளவரசி. 1942இல் போலீசுக்குப் பயந்து ஒரு தேசபக்தர் பாழடைந்த கோட்டையில் ஒளிகிறார். அங்கே அவருக்குப் போன ஜென்மம் தெரிகிறது! மாயக் கதைதான். ஆனால் ஜெயிலுக்குப் போனவர் எழுதினது என்று தெரிந்து படித்தால் பயம் நிஜமாக வருது.

கற்பனைக் கதை எழுதுறவங்க வேற உலகத்தில் இருப்பாங்கன்னு நினைச்சேன். கல்கி எங்க பாட்டி மாதிரி ஆட்களையும் பார்த்துத்தான் எழுதியிருக்கார்.

லைப்ரரி புத்தகத்தைத் திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்திடுவேன். அடுத்து யார் எடுக்கிறீங்க?

- 9ஆம் வகுப்பு மாணவி