பழுதாகுமுன் பேணிய பெருமகன்

வண்டியொன்றை வாங்குவது ஒரு நாள் நிகழ்ச்சி. அதனைப் பேணுவதோ அன்றாடக் கடமை. இவ்வுண்மையைத் தம் தொழிலால் தென்னாட்டிற்கு உணர்த்தியவர் டி.வி. சுந்தரம் அய்யங்கார் அவர்கள். டி.வி.எஸ். என்னும் மூன்றெழுத்தை அறியாத தமிழ்க் குடும்பம் அரிது. ஆயினும், அது ஒரு மனிதரின் பெயர்ச்சுருக்கம் என்பதை இன்றைய இளைஞர் பலர் அறியார். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

1877 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22 ஆம் நாள், நெல்லைச் சீமையைச் சார்ந்த திருக்குறுங்குடியில் அவர் பிறந்தார். வழக்கறிஞராக வாழ்வைத் தொடங்கி, பின்னர் இரயில்வேயிலும் வங்கியிலும் பணியாற்றினார். திங்கள்தோறும் ஊதியம் வரும் அப்பாதுகாப்பை விட்டு விலகி, 1911 இல் சொந்தத் தொழிலில் இறங்கினார். 1912 இல் தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து விட்டார். மாட்டு வண்டியே மக்களின் ஊர்தியாய் இருந்த காலம் அது.

அந்நாளில் மோட்டார் வண்டி நடத்துவது எளிதன்று. வண்டிகளும் உதிரிப் பாகங்களும் கடல் கடந்து வரவேண்டும். ஒரு சிறு பாகம் உடைந்தால் வண்டி பல நாள் முடங்கிக் கிடக்கும். எனவே, உடைந்தபின் சரி செய்வதைவிட உடையாமற் காப்பதே அறிவுடைமை ஆயிற்று. மாடுகளின் இலாடங்களிலிருந்து உதிர்ந்த ஆணிகள் சாலையெங்கும் கிடந்து டயர்களைக் கிழிக்கும். அவற்றைப் பொறுக்கி எடுக்கக் காந்தம் பொருத்திய வண்டியை அவர் சாலையில் ஓடவிட்டார் என்று மதுரைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். டயர் வெடித்தபின் ஒட்டுப் போடுவதற்கும், வெடிக்குமுன் ஆணியை அகற்றுவதற்கும் உள்ள வேறுபாடே அவருடைய தொழில் நெறி எனலாம்.

நாம் ஆசிரியப் பயிற்சிக்காக மதுரையில் தங்கியிருந்தது 1960களின் இறுதி. அப்போது அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் அந்நிறுவனத்தின் பேருந்து வரும் நேரத்தைக் கொண்டு கடைக்காரர்கள் கடிகாரத்தைத் திருத்தி வைத்துக்கொண்டதைக் கண்டோம். காலந்தவறாமை ஓட்டுநரின் திறமையால் மட்டும் வருவதன்று. முதல்நாள் இரவு பணிமனையில் அவ்வண்டிக்குச் செய்யப்பட்ட பணியே மறுநாள் நேரந்தவறாமையாக வெளிப்பட்டது என்பதைப் பின்னரே உணர்ந்தோம். அப்பேருந்துகளை 1972 இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தின் வாயிலாக அரசு ஏற்றது.

பேருந்துகளோடும் சரக்கு லாரிகளோடும் அவர் நின்றுவிடவில்லை. வண்டி விற்பனையிலும் ஈடுபட்டார். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928 இல் பம்பாயில் வண்டிகளைப் பூட்டத் தொடங்கியது. அந்நிறுவனத்தின் வண்டிகளைத் தென்னாட்டில் விற்ற பெரும் முகவராக அவருடைய நிறுவனங்கள் விளங்கின. மதராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் ஆகியன அவ்வழி வந்தவையே. தேய்ந்த டயருக்குப் புதுத் தடம் இட்டு மீண்டும் ஓட்டத்திற்குத் தரும் தொழிற்சாலையையும் நிறுவினார். விற்றவரே பேணுதற்கும் துணை நிற்றல் வேண்டும் என்பது இவற்றால் விளங்கும்.

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் கிடைப்பது அரிதாயிற்று. அவர் மனந்தளரவில்லை, கரிவாயு எந்திரத்தை உருவாக்கினார். கனலும் மரக்கரியினூடே காற்றைச் செலுத்தினால் எரியக்கூடிய வாயு உண்டாகும். அதனைக் குளிர்வித்து வடிகட்டி எஞ்சினுக்கு அனுப்புவர். பெட்ரோலைக் காட்டிலும் இதில் விசை குறைவு, வேலையோ மிகுதி. நாள்தோறும் சாம்பலை அகற்றவும் வடிகட்டியைத் துடைக்கவும் வேண்டும். ஒரு நாள் சோம்பினால் தூசி எஞ்சினுள் புகுந்து அதனைத் தேய்த்துவிடும். பேணும் பழக்கம் முன்னமே ஊறியிருந்த பணிமனைக்கே இது கைகூடும்.

குடும்பத்தாரிடத்தும் அவர் பொறுப்புடன் விளங்கினார். இளம் வயதிலேயே கணவரை இழந்த மகள் சௌந்தரம், பெற்றோரின் ஊக்கத்தால் மீண்டும் கல்வி பயின்று மருத்துவரானார். 1947 இல் தோன்றிய காந்திகிராமத்தை நிறுவியோருள் ஒருவரும் ஆனார். மகன் சந்தானம் 1954 இல் சுந்தரம் ஃபைனான்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, லாரி வாங்குவோருக்குக் கடனுதவ வழிசெய்தார். தொழிலை மக்களிடம் ஒப்படைத்து ஓய்வு பெற்ற சுந்தரம் அய்யங்கார் அவர்கள், 1955 ஏப்ரல் 28 அன்று கொடைக்கானலில் இயற்கை எய்தினார்.

இவ்வரலாற்றை இங்கு எழுதக் காரணம் உண்டு. நம் உறவினர் ஒருவர் நிலத்தை ஈடு வைத்து லாரி வாங்கினார். ஓடும் வண்டியை நிறுத்தினால் வாடகை போய்விடும் என்று எஞ்சின் ஆயிலை மாற்றாமல் நாள்களைக் கடத்தினார். வெப்பத்தாலும் கரியாலும் கெட்டுப்போன எண்ணெய் உராய்வைத் தடுக்கும் தன்மையை இழந்தது. நெல் அறுவடை உச்சத்தில் இருந்தபோது எஞ்சின் இறுகி நின்றது. ஒரு நாள் வாடகையைக் காக்கப் போய் ஒரு பருவத்து வருவாயை இழந்தார். ஈடு வைத்த நிலத்தையும் மீட்க இயலவில்லை.

இந்நாளில் வண்டி விற்கும் முகவர்களே ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் தருகின்றனர். முன்கூட்டியே ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு, குறித்த கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலையும் வடிகட்டிகளையும் மாற்றி, கிரீஸ் அடித்து, பிரேக்கைச் சோதித்துத் தருவர். செலவு முன்னரே தெரிவதால் லாரி உரிமையாளர் கணக்கிட்டு நடக்கலாம். ஆனால் எவை அடங்கும், எவை அடங்கா என்பதை ஒப்பந்தத் தாளில் வரிவரியாய் வாசித்த பின்னரே கையொப்பமிடல் வேண்டும். செய்த பணிகளை நாளிட்டு ஏட்டில் குறித்து வைத்தலும் நன்று. வண்டியை விற்கும்போது அவ்வேடே சான்றாகும்.

ஒப்பந்தம் இருப்பினும் காலைக் கடமை நம்முடையதே. ரேடியேட்டர் நீர், ஆயில் அளவு, டயர்க் காற்று, பிரேக், விளக்குகள் ஆகிய ஐந்தையும் பார்த்த பின்னரே சாவியைத் திருப்புதல் வேண்டும். அதற்குச் சில நிமிடங்கள் போதும். லாரியும் டிராக்டரும் வைத்துப் பிழைக்கும் நம் இல்லத்துப் பிள்ளைகள், பழுது வருமுன் பேணிய அப்பெருமகனை நினைவிற் கொள்வார்களாக.