இரு களங்களின் வீரர் எம். ஜே. கோபாலன்

நுழையும்முன்

பள்ளியில் சிறந்து விளங்கும் விளையாட்டு வீரர்களைக் கல்லூரி அணிகள் தேடிவந்து அழைப்பதுண்டு. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்து வீரர் ஒருவரைப் பல கல்லூரிகள் ஒரே வேளையில் அழைக்கும். நம் நாட்டில் இரயில்வே, வங்கி, காவல்துறை ஆகியவற்றின் அணிகள் திறன்மிக்க இளையோரைத் தேர்ந்து பணியும் வழங்குகின்றன. எந்த அணியில் சேர்வது என்னும் வினா ஓர் இளைஞரின் வாழ்க்கைப் போக்கையே மாற்றவல்லது. இரண்டு விளையாட்டுகளுக்கு நடுவே நின்று அவ்வினாவுக்கு விடை கண்ட தமிழர் ஒருவரின் வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

இளமையும் வாய்ப்பும்

செங்கல்பட்டுப் பகுதியில் உள்ள சிற்றூர் மொறப்பாக்கம். அவ்வூரில் 1909ஆம் ஆண்டு சூன் 6ஆம் நாள் கோபாலன் பிறந்தார். அவர் பெயரின் முன்னெழுத்துகளில் முதலாவது இவ்வூரையே குறிக்கின்றது. பின்னர் அவர் வாழ்க்கை சென்னைத் திருவல்லிக்கேணியோடு பிணைந்தது. அப்பகுதிக்கு மிக அருகில் சேப்பாக்கம் விளையாட்டுத் திடல் அமைந்துள்ளது.

அக்காலச் சென்னைக் கிரிக்கெட்டில் ஆங்கிலேயரின் செல்வாக்கு மிகுந்திருந்தது. பொங்கல் விழாவை ஒட்டி ஐரோப்பியர் அணிக்கும் இந்தியர் அணிக்கும் ஆண்டுதோறும் சேப்பாக்கத்தில் போட்டி நடைபெறும். ஐரோப்பியர் அணியின் புகழ்பெற்ற வீரருள் ஒருவர் சி. பி. ஜான்ஸ்டன். வேகமாகப் பந்து வீசும் இளைஞர் கோபாலனின் திறனை அவர் கண்டுகொண்டார். பர்மா ஷெல் என்னும் எண்ணெய் நிறுவனத்தில் கோபாலனுக்குப் பணி கிடைக்க வழிசெய்தார். திருவல்லிக்கேணி கிரிக்கெட் சங்கத்தில் அவர் இடம்பெறவும் துணைநின்றார். எதிரணியைச் சேர்ந்தவர் என்றோ வேற்று நாட்டவர் என்றோ அவர் வேறுபாடு கருதவில்லை.

இந்தப் பணியின் அருமையை அக்காலச் சூழலோடு பொருத்திப் பார்த்தல் வேண்டும். அந்நாளில் விளையாட்டை மட்டும் நம்பி வாழ்தல் இயலாது. போட்டியில் வென்றாலும் பெரும்பொருள் கிட்டாது. மாத ஊதியமும், ஆடுவதற்கு ஓய்வும் தரும் நிறுவனம் ஒன்று இருந்தால்தான் எளிய குடும்பத்து இளைஞர் திடலில் நிலைத்து நிற்க முடியும். இதே பர்மா ஷெல் நிறுவனம் 1950களில் மும்பையில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஒன்றை நிறுவியது. குர்லாவிலிருந்து செம்பூரைக் கடந்து மாகுல் பக்கம் செல்வோர் அவ்வாலையை இன்றும் காணலாம். இப்போது அது பாரத் பெட்ரோலியம் நிறுவனத்திற்கு உரியது.

இரண்டு விளையாட்டுகள்

கோபாலன் கிரிக்கெட்டோடு நின்றுவிடவில்லை, ஹாக்கியிலும் வல்லவரானார். ஒன்றில் பந்தை வீசிய அதே கைகள் மற்றொன்றில் வளைந்த கோலைப் பற்றின. இரண்டிலும் அவர் நாட்டின் அணியை எட்டினார்.

இந்திய மண்ணில் முதல் கிரிக்கெட் டெஸ்ட் போட்டி 1933 திசம்பரில் மும்பை ஜிம்கானா திடலில் நடைபெற்றது. அடுத்த போட்டி 1934 சனவரியில் கல்கத்தாவில் நிகழ்ந்தது. டக்ளஸ் ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்து அணியை எதிர்த்து அப்போட்டியில் கோபாலன் களமிறங்கினார். இரண்டு ஆட்டப் பகுதிகளிலும் சேர்த்து 18 ஓட்டங்கள் எடுத்தார். ஒரு விக்கெட்டை வீழ்த்தினார். போட்டி வெற்றி தோல்வியின்றி முடிந்தது.

அதே ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் ரஞ்சிக் கோப்பைப் போட்டிகள் தொடங்கின. சேப்பாக்கத்தில் சென்னை அணியும் மைசூர் அணியும் முதலில் மோதின. அப்போட்டியின் முதல் பந்தை வீசியவர் கோபாலனே. ஆகவே ரஞ்சிக் கோப்பையின் நெடிய வரலாறு அவர் கையிலிருந்து தொடங்குகின்றது எனலாம். மைசூர் அணி 48, 59 என்னும் எண்ணிக்கைகளில் சுருண்டது. சென்னை அணி எடுத்த 130 ஓட்டங்களே வெற்றிக்குப் போதுமானவையாயின. போட்டி ஒரே நாளில் முடிவுற்றது. அடுத்த பருவத்தில் சென்னை அணி இறுதிப் போட்டி வரை முன்னேறி, தில்லியில் மும்பை அணியிடம் தோற்றது.

1935ஆம் ஆண்டு இந்திய ஹாக்கி அணி நியூசிலாந்து சென்றது. அணித் தலைவர் தயான் சந்த். அவ்வணியில் கோபாலனும் இடம்பெற்றார். அந்தப் பயணத்தில் இந்திய அணி ஆடிய 48 போட்டிகளிலும் வென்றது. அடித்த கோல்கள் 584. வாங்கியவை 40 மட்டுமே. உலகின் தலைசிறந்த ஹாக்கி அணியோடு தோளுரசி ஆடும் பேறு கோபாலனுக்கு வாய்த்தது.

1936: பிரியும் பாதைகள்

அடுத்த ஆண்டு இரண்டு வாய்ப்புகள் ஒன்றாக வந்தன. ஆகத்து மாதத்தில் பெர்லின் நகரில் ஒலிம்பிக் ஹாக்கிப் போட்டிகள் நடைபெறவிருந்தன. அதே கோடைக்காலத்தில் இந்தியக் கிரிக்கெட் அணி இங்கிலாந்தில் சுற்றுப்பயணம் செய்யவிருந்தது. அக்காலத்தில் கடல்வழிப் பயணமே வழக்கம். ஐரோப்பாவை அடையவே வாரங்கள் ஆகும். கிரிக்கெட் சுற்றுப்பயணமோ பல மாதங்கள் நீளும். இரண்டு அணிகளிலும் இடம்பெறுதல் எவ்வகையிலும் இயலாது.

ஒருபுறம், 1928இலும் 1932இலும் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஹாக்கி அணி. மறுபுறம், டெஸ்ட் களத்தில் புகுந்து நான்கே ஆண்டுகளான, ஒரு டெஸ்டிலும் அதுவரை வென்றிராத கிரிக்கெட் அணி. எனினும் கிரிக்கெட்டே கோபாலனின் முதல் களம். அவருக்குப் பணியும் சங்கமும் பெயரும் அதனாலேயே அமைந்தன. இங்கிலாந்து மண்ணில் ஆடுவது அந்நாளைய கிரிக்கெட் வீரர் ஒவ்வொருவரின் கனவாகவும் இருந்தது. கோபாலன் கிரிக்கெட்டைத் தெரிவு செய்தார்.

தெரிவின் விலை

இங்கிலாந்து சென்ற அணிக்கு விஜயநகரம் இளவரசர் தலைமை ஏற்றிருந்தார். ஆட்டத்திறனைவிடச் செல்வமும் செல்வாக்குமே அவரை அப்பதவிக்கு உயர்த்தின. அணிக்குள் பிளவுகள் மலிந்தன. சிறந்த ஆட்டக்காரரான லாலா அமர்நாத் முதல் டெஸ்டிற்கு முன்னரே தாயகம் திருப்பி அனுப்பப்பட்டார். மான்செஸ்டரில் விஜய் மெர்ச்சண்டும் முஷ்டாக் அலியும் முதல் விக்கெட்டுக்கு 203 ஓட்டங்கள் குவித்தது ஒன்றே பெருமைக்குரிய நிகழ்வாக அமைந்தது. மூன்று டெஸ்ட் போட்டிகளில் இந்தியா இரண்டில் தோற்றது. அம்மூன்றில் ஒன்றிலேனும் ஆடும் வாய்ப்புக் கோபாலனுக்குக் கிட்டவில்லை.

ஹாக்கி அணியோ பெர்லினில் வென்றவண்ணம் இருந்தது. 1936 ஆகத்து 15ஆம் நாள் இறுதிப் போட்டியில் செருமனியை 8–1 என்னும் கணக்கில் வீழ்த்தித் தங்கம் வென்றது. முந்தைய ஆண்டு கோபாலனோடு ஆடிய தயான் சந்தே அவ்வணிக்கும் தலைவர். அந்த வெற்றியில் பங்குபெறும் வாய்ப்பை இழந்தது கோபாலனின் வாழ்வில் சிறிய இழப்பு அன்று. அவர் மீண்டும் டெஸ்ட் போட்டி எதிலும் ஆடவில்லை. ஒலிம்பிக் களமும் அவருக்கு வாய்க்கவில்லை. அடுத்த இரு ஒலிம்பிக் விழாக்களும் இரண்டாம் உலகப் போரினால் நடைபெறாமலே போயின.

திடலை விட்டு அகலாதவர்

தாயகம் திரும்பிய கோபாலன் தாம் தெரிவு செய்த விளையாட்டைக் கைவிடவில்லை. சென்னை அணிக்காகத் தொடர்ந்து பந்து வீசினார்; மட்டை பிடித்தார்; அணித் தலைவராகவும் விளங்கினார். நாற்பது வயதைக் கடந்த பின்னும் களத்தில் இருந்தார். முதல்தரப் போட்டிகளில் ஏறத்தாழ 200 விக்கெட்டுகளை வீழ்த்தினார். பிற்காலத்தில் நாட்டின் அணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் பணியாற்றினார். ஒரு காலத்தில் தம் பெயர் பட்டியலில் உள்ளதா எனக் காத்திருந்தவர், பிறர் பெயர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஏற்றார்.

அவரது கிரிக்கெட் பணியைப் போற்றும் வகையில் சென்னை அணிக்கும் இலங்கை அணிக்கும் இடையே கோபாலன் கோப்பைப் போட்டி 1952–53 பருவத்தில் தொடங்கப்பட்டது. இலங்கை டெஸ்ட் தகுதி பெறுவதற்கு முன்பு, அந்நாட்டு வீரர்களுக்கு இப்போட்டி சிறந்த பயிற்சிக் களமாகத் திகழ்ந்தது. வாழும் காலத்திலேயே தம் பெயரால் நாடு கடந்த போட்டி நடைபெறக் காணும் பெருமை மிகச் சிலருக்கே வாய்க்கும்.

2003ஆம் ஆண்டு திசம்பர் 21ஆம் நாள் தம் 94ஆம் வயதில் கோபாலன் சென்னையில் மறைந்தார். அப்போது உலகில் வாழ்ந்த டெஸ்ட் வீரர்களுள் அவரே வயதில் மூத்தவர். 1936இல் அவர் எடுத்த முடிவு பதக்கம் எதையும் அவருக்குத் தரவில்லை. ஆயினும் அம்முடிவுக்குப் பின் வந்த ஆண்டுகளை அவர் வீணாக்கவில்லை. அவ்வாண்டுகளின் உழைப்பே அவர் பெயரைக் கோப்பையில் பொறித்தது.

சொல்லும் பொருளும்

தெரிவு – பலவற்றுள் ஒன்றைத் தேர்தல்
வளைந்த கோல் – ஹாக்கி மட்டை
பேறு – கிடைத்தற்கரிய வாய்ப்பு
மலிந்தன – மிகுந்தன
தாயகம் – பிறந்த நாடு
ஏறத்தாழ – சற்றுக் கூடவோ குறையவோ

பயிற்சி

1. கோபாலனின் திறனைக் கண்டுகொண்டவர் யார்? அவர் செய்த இரண்டு உதவிகள் யாவை?
2. ரஞ்சிக் கோப்பை வரலாற்றில் கோபாலனின் சிறப்பிடம் யாது?
3. 1936இல் இரண்டு அணிகளிலும் இடம்பெறுவது ஏன் இயலாததாயிற்று?
4. கோபாலனின் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் எந்த அணியைத் தெரிவு செய்திருப்பீர்கள்? காரணத்துடன் ஐந்து தொடர்களில் எழுதுக.
5. குர்லாவில் உங்கள் குடியிருப்புப் பகுதியில் விளையாடப்படும் விளையாட்டுகளைப் பட்டியலிட்டு, அவற்றின் தமிழ்ப் பெயர்களை வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டு எழுதுக.