மறைந்திருந்த நிறம்

நீங்கள் வளர்க்கும் பச்சை நிறப் பட்ஜி கிளிச் சோடிக்கு நீலக் குஞ்சு பிறந்தால் வியப்படைவீர்கள் அல்லவா? பெற்றோர் இரண்டும் நீலத்தைத் தமக்குள் மறைவாகக் கொண்டிருந்தால், சராசரியாக நான்கில் ஒரு குஞ்சு நீலமாகும்.

இக்கணக்கிற்கு அடித்தளமிட்டவர், 1822இல் உழவர் குடும்பத்தில் பிறந்த அகுஸ்தீனார் சபைத் துறவி, அருட்தந்தை கிரகோர் மெண்டல். ஆசிரியர் தகைமைப் பரீட்சையில் தவறியும் அவர் தளரவில்லை. இன்றைய செக் நாட்டின் பிர்னோ நகரில், 1856 முதல் 1863 வரை மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை ஆராய்ந்தார். கலப்பின் முதல் தலைமுறையில் மறைந்த வெள்ளைப் பூ, அடுத்த தலைமுறையில் நான்கில் ஒன்றாக மீண்டும் மலர்ந்தது.

1866இல் வெளியான அவரது கட்டுரையை உலகம் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1884இல் அவர் இறையடி சேர்ந்தார். 1900இலேயே அறிஞர்கள் அதன் பெருமையை உணர்ந்தனர்.

எவரும் காணாத உங்கள் உழைப்பும் இறைவன் முன் வீணாகாது.