எண்ணிலடங்காப் பூட்டைத் திறந்தவர்

கணிப்பொறியை அறியாத மாணவி இன்று இல்லை. அதற்கு அடித்தளமிட்ட ஆலன் டூரிங்கின் வாழ்க்கை, கடவுச்சொல்லை எவ்வாறு தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதையும் நமக்குக் கற்பிக்கிறது.

இவர் 1912ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் லண்டனில் பிறந்தார். எனினும் தமிழகத்திற்கு அந்நியர் அல்லர். தாயார் பிறந்தது கோவையை அடுத்த போத்தனூரில். அண்ணன் பிறந்தது குன்னூரில். தந்தையார், நம் மதுரையும் அடங்கியிருந்த அன்றைய சென்னை மாகாணத்தில் ஆட்சிப்பணி அதிகாரி. பெற்றோர் இங்கே பணியாற்ற, பிள்ளைகள் இருவரும் இங்கிலாந்தில் பிறர் இல்லத்தில் வளர்ந்தனர். ஆலன் கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று, 1936இல் எழுதிய ஆய்வுரையால் கணிப்பொறியியலுக்கு வித்திட்டார்.

1939இல் இரண்டாம் உலகப்போர் மூண்டது. ஜெர்மானியர் தம் செய்திகளை எனிக்மா என்னும் எந்திரத்தால் மறைத்து அனுப்பினர். அவர்களது தரைப்படை எந்திரத்தை அமைக்கும் வழிகளோ, 159க்குப் பின் 18 பூஜ்யங்கள் இட்ட அளவு! அந்த அமைப்பும் நாள்தோறும் மாறும். ஒவ்வொன்றாக முயன்றால் ஆயுள் போதாது.

போலந்துக் கணித அறிஞர்கள் முன்பே வழிகாட்டியிருந்தனர். டூரிங்கும் அவருடைய தோழர்களும் மனிதரின் பழக்கத்தைக் கவனித்தனர். வானிலை அறிக்கைகள் தினமும் ஒரே பாணியில் வந்ததால், அவற்றிலுள்ள சொற்களை ஊகிக்க முடிந்தது. அனுப்புவோரில் சிலர் விசைப்பலகையில் அடுத்தடுத்திருந்த எழுத்துகளையே சோம்பலால் தேர்ந்தெடுத்தனர். ஊகித்த சொல்லோடு பொருந்தாத அமைப்புகளை விரைந்து தள்ளிவிடும் எந்திரம் ஒன்றை டூரிங் வடிவமைத்தார். 1940இல் அது இயங்கத் தொடங்கியது. பின்னர் பெருகிய அத்தகைய எந்திரங்களை இரவுபகலாக இயக்கியவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள் என்பது நமக்குப் பெருமை.

இத்தகைய அறிஞரை 1952இல் அக்காலத்துக் கொடிய சட்டம் ஒன்று தண்டித்தது. 1954இல், 41ஆம் வயதில் மறைந்தார். 2013இல்தான் அரசியாரின் மன்னிப்பு வந்தது.

தோழியரே! நான்கு இலக்க எண்ணுக்கு 10,000 வழிகளே உண்டு. 12 சிறிய ஆங்கில எழுத்துகளுக்கோ 95,000 இலட்சம் கோடிக்கும் மேல். ஆனால் மதுரைமீனா என்பதும் ஆங்கிலத்தில் 12 எழுத்துகள்தான்! நம் ஊரையும் பெயரையும் பிறந்த நாளையும் அறிந்த திருடன் முதலில் முயல்வது அவற்றையே. பூட்டு பெரிதாயினும், சாவியை வாசற்படியில் வைத்தால் என்ன பயன்?

ஆகவே, ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சீட்டுக் குலுக்கி எடுத்துக் கோப்போம். ஒவ்வொரு கணக்கிற்கும் வேறு கடவுச்சொல் வைப்போம். வீட்டில் அம்மா அப்பாவுக்கும் இதைச் சொல்லிக் கொடுப்போம்.