கூட்டுறவுக் கடனுக்கும் மீன்வளத் துறைக்கும் வித்திட்ட நிக்கல்சன்

ஓமலூர் வட்டார விவசாயிகள் பயிர்க்கடனுக்குத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகிறார்கள். மீன்குஞ்சு வேண்டுமென்றால் மீன்வளத் துறையை நாடுகிறார்கள். இந்த இரண்டின் தொடக்கத்திலும் இருப்பவர் ஒரே மனிதர், சர் பிரடெரிக் நிக்கல்சன்.

1846ல் பிறந்த இவர், சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரியாகப் பணியாற்றினார். 1887ல் கோவை மாவட்டத்தைப் பற்றி விரிவான கையேடு ஒன்றை எழுதி வெளியிட்டார். காவிரிக்கு அக்கரையில் இருந்த அந்த மாவட்டமும் சேலத்தைப் போலவே கிணற்றை நம்பிய வறண்ட பூமி. கிணறு வெட்டவும் மாடு வாங்கவும் பணம் வேண்டும். அதற்கு வட்டிக்கடைக்காரரை விட்டால் வேறு வழியில்லை என்ற காலம் அது.

1892ல் வேளாண் வங்கிகளைப் பற்றி ஆராயும் பணியை மாகாண அரசு இவரிடம் ஒப்படைத்தது. ஐரோப்பியக் கடன் சங்கங்களை ஆராய்ந்து, 1895லும் 1897லும் இரண்டு தொகுதிகளாக அறிக்கை அளித்தார். ஜெர்மனியில் ரைபைசன் தொடங்கிய கிராமச் சங்கங்களே நமக்குப் பொருந்தும் என்பது அவர் முடிவு. ஒரே ஊரில் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் உறுப்பினராக வேண்டும். கடனுக்கு எல்லோரும் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும். அப்போது நிலத்தைவிட நாணயமே பெரிய ஈடாகிவிடும். 1904ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு திரூரில் முதல் சங்கம் தொடங்கியது.

ஓய்வுபெற்ற பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. 1905 முதல் மீன்வள ஆய்வில் இறங்கினார். 1907ல் உருவான சென்னை மாகாண மீன்வளத் துறையைக் கௌரவப் பொறுப்பில் வழிநடத்தினார். ஜப்பானுக்கும் சென்று மீன்பிடித் தொழிலைப் பார்த்து வந்து அறிக்கை எழுதினார். அந்தக் காலத்தில்தான் நீலகிரி அவலாஞ்சியில் குளிர்நீர் மீனான ட்ரவுட்டுக்குக் குஞ்சு பொரிப்பகம் வந்தது.

மலபார் கரையில் மத்தி மீன் குவியும் நாட்களில், விற்காததை மணலில் காயப்போட்டு உரமாக்குவார்கள். அதில் பாதி மணலாக இருக்கும். எண்ணெய்க்கு மீனை அழுகவிடுவதும் உண்டு. மீனைப் புதிதாகவே வேகவைத்து, பிழிந்து எண்ணெய் எடுத்து, சக்கையை உலர்த்தி உரமாக்கும் முறையை இவரது துறை கற்றுக்கொடுத்தது. எண்ணெயும் தரமாக வந்தது, உரமும் மணலின்றிக் கிடைத்தது. கரையோரம் ஏராளமான சிறு ஆலைகள் எழுந்தன.

விவசாயியை வாட்டிய கடன் மீனவரையும் வாட்டுவதை அவர் கண்டார். பிடித்த மீனை நல்ல விலைக்கு விற்கும் வழியும், வட்டிச் சுமை இல்லாத கடனும் சேர்ந்து கிடைத்தால்தான் தொழில் நிமிரும் என்று நம்பினார். விளைச்சல் பெருகியும் கடன் தீராத நம் குடும்பங்களுக்கு இது புரியாத கணக்கல்ல.

மேட்டூர் அணை 1934ல் முடிந்தது. நிக்கல்சன் 1936ல் மறைந்தார். இன்று மேட்டூரில் மீனவர் கூட்டுறவு இயங்குகிறது. கூட்டுறவில் உறுப்பினரே காவலர் என்பதுதான் அவர் திட்டத்தின் உயிர். சங்கப் பேரவைக் கூட்டத்துக்கு அறிவிப்பு வந்தால் தவறாமல் போங்கள், வரவு செலவைக் கேளுங்கள்.